நாலு இலக்கம்

லோயர் பெர்த்துதானம்மா கேக்குத? எடுத்துக்கோ. எனக்கு எதுன்னாலும் ஒண்ணுதான். இந்த வண்டில நான் படுக்காத பெர்த்து கிடையாது. டிக்கெட் பரிசோதிக்க வாரவங்கள்ல பாதிப் பேரு ரிட்டயர் ஆயிட்டாக, நான் இன்னும் போய்க்கிட்டும் வந்துக்கிட்டும் இருக்கேன். பையை நல்லா உள்ள தள்ளு. அந்த ஜன்னலோட மல்லுக்கட்டாத, அது இறங்காது.

நான் சிரிச்சேன்னு தப்பா எடுத்துக்காத. உங்க அப்பா வள்ளியூர் பிளாட்பாரத்துல நின்னு கண்ணைத் தொடச்சிக்கிட்டு இருந்தாரு. நீ, "ஒரு வருஷ காண்ட்ராக்ட்தானப்பா, கண்ணை மூடித் திறக்கதுக்குள்ள வந்துருவேன்"னு தைரியம் சொன்ன. அது காதுல விழுந்துச்சு, சிரிப்பு வந்துட்டு. நானும் ஒரு வருஷத்துக்குத்தான் பெங்களூர் போனேன். எம் மக நாச்சி அப்ப எல்.கே.ஜி.கூட சேரல. இப்ப எட்டாப்பு படிக்கா.

என்ன வேலைன்னு கேக்கியா? சொன்னா நம்ப மாட்ட. வெள்ளியைப் பாத்துக்கிடுத வேலை. நகைக்கடை இல்லம்மா, கிரகம். சாயங்காலம் மேற்க பளிச்சுன்னு நிக்கும்லா, அது. அதைச் சுத்தி நம்ம கலம் ஒண்ணு ஓடிக்கிட்டு இருக்கு. பழைய அம்பாசடர் கார் அளவு இருக்கும், ரெண்டு பக்கமும் சோலார் பலகை விரிச்சிருக்கும். காகிதத்துல அதுக்குப் பேரு பார்கவி. நான் கூப்பிடுதது சனியன்.

ஓட்டுதவங்க வேற ஆளு. அது அனுப்புத தகவலை எல்லாம் வாங்கி, பிரிச்சு, பேர் எழுதி, அடுக்கி வைக்கது என் வேலை. துவைச்ச துணி வந்து விழுந்துக்கிட்டே இருக்கும், நான் மடிச்சு அவங்கவங்க அலமாரில வைக்கணும், அவ்வளவுதான். அங்கேருந்து வரது வெறும் எண்ணும்மா. எந்தச் சுத்துல எடுத்தது, எந்தப் பக்கம் பாத்து எடுத்தது, அப்ப கேமரா எவ்வளவு சூடா இருந்துச்சு, இதெல்லாம் நான் கூட எழுதி வைக்கலைன்னா அது குப்பை. எழுதி வச்சா, இன்னும் அம்பது வருஷம் கழிச்சு எவனோ ஒருத்தன் எடுத்துப் படிக்கலாம். எனக்கு அதுல பெரிய ஈடுபாடுல்லாம் கிடையாது. குடுத்த வேலை, செஞ்சேன்.

என் சொந்த ஆபீஸ் நம்ம ஊர்ப் பக்கம், மலையடிவாரத்துல. அங்கேருந்து என்னை டெபுடேஷன்ல அனுப்புனாக. கலம் ஒரு வருஷம்தான் உயிரோட இருக்கும்னு கணக்கு. மிஷன் முடிஞ்ச மறுநாள் நீ ஊருக்குத் திரும்பி வந்துரலாம்னு எழுதியே குடுத்தாக. நல்லாக் கவனிச்சுக்கோ. ஒரு வருஷம் கழிச்சுன்னு எழுதல. மிஷன் முடிஞ்ச மறுநாள்னு எழுதிட்டாக. அங்கதான் எனக்கு ஆப்பு வச்சாக.

முடியணும்லா அது?

ஒரு வருஷம் ஓடுச்சு. நல்லா இருக்கு, இன்னொரு வருஷம் நீட்டிப்போம்னாக. அதுவும் ஓடுச்சு. இன்னும் ரெண்டு. பிறகு இன்னும் ரெண்டு. செவ்வாய்க்குப் போனதுன்னா தூசி மூடும், குளிர்ல செத்துப் போகும். வெள்ளில வெயிலுக்கு என்ன பஞ்சம்? நல்லா வெயிலைத் தின்னுட்டு ஒரு நாளைக்கு மூணு சுத்து, சொல்லி வச்ச மாதிரி. எனக்குக் கல்யாணத்துக்கு ஜாதகம் பாக்கும்போது ஜோசியர் எங்க அம்மாட்ட சொல்லியிருக்காரு, பிள்ளைக்கு முப்பது தாண்டி சுக்கிர திசை ஆரம்பிக்கி, இருபது வருஷம், அமோகமா இருக்கும்னு. சுக்கிரன்னா வெள்ளிதான. பிடிச்சது பிடிச்சது, இன்னும் விடல.

கிருபாகரன்னு ஒருத்தர் உண்டு, கலத்தை ஓட்டுதவங்களுக்குத் தலைவர். வேலூர்க்காரர். நல்ல மனுஷன்தான், ஆனா அழுமூஞ்சி. காலைல வந்ததும் என் அறை வாசல்ல நின்னு, "உலகு மேடம், குழந்தை நேத்து நல்லா தூங்கி எழுந்துருச்சு"ம்பாரு. என் பேரு உலகம்மாள். தென்காசி அம்மன் பேரு. நான் திரும்பிக்கூட பாக்காம, "அந்தச் சனியன் இன்னுமா இருக்கு சார்"னு கேப்பேன். அவருக்கு முகம் சுருங்கிரும். "அப்படிச் சொல்லாதீங்க மேடம், அதுக்குக் கேட்டுரப் போகுது"ம்பாரு. "கேக்கட்டும். இங்கேருந்து சத்தம் அங்க போறதுக்கு ஆறேழு நிமிஷம் ஆகும், அதுக்குள்ள நான் டீ குடிக்கப் போயிருவேன்"ம்பேன்.

ஒவ்வொரு தடவை நீட்டிப்பு வரும்போதும் கேசரி. கலம் போய்ச் சேர்ந்த நாள் வந்தா கேசரி. எல்லாரும் கைதட்டுவாங்க, போட்டோ எடுப்பாங்க, எங்கிட்ட வந்து கை குடுப்பாங்க. நான் கேசரியை வாயில போட்டுக்கிட்டு, சரி, இன்னும் ரெண்டு வருஷம் இந்த வண்டின்னு மனசுக்குள்ள கணக்குப் போடுவேன். எங்க வீட்டுக்காரக வள்ளியூர்ல மோட்டார் வைண்டிங் கடை வச்சிருக்காக. வாய் அதிகம் கிடையாது. சோறு ஆக்கப் படிச்சாக, குழம்பு வைக்கப் படிச்சாக, பிள்ளைக்கு ரெட்டைச் சடை போடவும் படிச்சாக. கம்பி சுத்துத கைல்லா, சடை அப்படி இறுக்கமா இருக்கும், பிள்ளைக்குக் கண்ணு மேல போயிரும். ஒரு நாள் டீச்சர், உங்க அம்மா எங்க இருக்காங்கன்னு கேட்டிருக்காக. "வெள்ளில இருக்காங்க, சனிக்கிழமை வருவாங்க"ன்னு சொல்லியிருக்கா. டீச்சர் வீட்டுக்கு ஆளனுப்பி விசாரிச்சிருக்காக, பிள்ளைக்கு ஒண்ணும் இல்லையேன்னு.

இட்லி சாப்பிடுதியா? பொடி தடவுனது. அவுகதான் கட்டிக் குடுத்தாக. சும்மா எடு.

ஒரு தடவை கோயிலுக்குக்கூட போனேன். சொல்லுதேன் கேளு. ஒண்ணரை வருஷத்துக்கு ஒரு தடவை வெள்ளி சூரியனுக்குப் பின்னால போய் மறையும். அப்ப கலத்தோட பேச முடியாது, ரெண்டு வாரம் ஒரு சத்தமும் இருக்காது. முதல் தடவை அப்படி மறைஞ்சப்ப கிருபாகரன் சார் பட்டினி கிடந்தாரு. நான் லீவு போட்டு ஊருக்கு வந்து, நேர நம்ம முருகன் கோயில்ல அர்ச்சனைத் தட்டை நீட்டுனேன். ஐயர் பேரு என்னம்மான்னாரு. பார்கவின்னேன். நட்சத்திரம்னாரு. விட்ட அன்னைக்குப் பூராடம்னு கிருபாகரன் சார் வாயால கேட்டிருக்கேன், பூராடம்னேன். "பொண்ணுக்கு என்னம்மா செய்யுது?" "ஒண்ணும் செய்யல சாமி, அதான் கவலை. நல்லபடியா முடிஞ்சாப் போதும்"ன்னேன். பிரசவம்னு நினைச்சாரோ என்னமோ, கண்ணை மூடிக்கிட்டு ரொம்ப நேரம் மந்திரம் சொல்லி, "தீர்க்காயுசா இருப்பா, கவலைப்படாமப் போ"ன்னு விபூதியைக் கைல அழுத்துனாரு. ரெண்டு வாரம் கழிச்சு கிண்ணுன்னு வெளிய வந்து நின்னுச்சு பாரு. அவரு போட்ட போடுதான் இவ்வளவுக்கும் காரணம்னு எனக்கு இன்னைக்கும் சந்தேகம் உண்டு.

சரி, விஷயத்துக்கு வாரேன். இதுல என் தப்பு ஒண்ணும் கிடையாது, அதை முதல்லயே சொல்லிருதேன்.

கலம் கிளம்புததுக்கு முன்னால ஒரு கூட்டம் போட்டாக. வார தகவலுக்கு எப்படிப் பேர் வைக்கதுன்னு. எத்தனாவது சுத்துன்னு ஒரு எண் போடணும்லா, அதுக்கு எத்தனை இலக்கம் வச்சுக்கிடலாம்னு கேட்டாக. ஒருத்தர் அஞ்சுன்னாரு. நான்தான் எந்திரிச்சு, எதுக்கு சார் அஞ்சு, ஒரு வருஷத்துக்கு ஆயிரத்து நூறு சுத்து வந்தாலே பெரிசு, நாலே தாராளம்னேன். எல்லாரும் சரின்னாக. நாலு இலக்கம்னு முடிவாச்சு. அந்த நாலு இலக்கம் எல்லாத்துலயும் போய் உக்காந்துட்டு. என் அடுக்குல, கிருபாகரன் சாரோட திட்டத்துல, மேகத்தை ஆராயுதவங்க, வெப்பத்தை ஆராயுதவங்க, அத்தனை பேரு எழுதுன புரோகிராம்லயும். நீயே சொல்லு, ஒரு வருஷத்துல சாகப் போறதுக்கு எவனாவது ஒம்பது வருஷத்துக்குச் சட்டை தைப்பானா?

ஒம்பது வருஷம் முடியப் போகுது. சுத்து எண் ஒம்பதாயிரத்தைத் தாண்டியாச்சு. கிருபாகரன் சார் பத்தாயிரமாவது சுத்துக்கு எவ்வளவு பெரிய கேக் வாங்கலாம்னு எல்லார்ட்டயும் கேட்டுக்கிட்டு திரியுதாரு. அப்பத்தான் எனக்குச் சுருக்குன்னுச்சு. ஒம்பதாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூத்தொம்பதுக்கு அடுத்து என்ன வரும்? நாலு இலக்கத்துல பத்தாயிரத்துக்கு இடம் ஏது? நாலு பூஜ்யம் வரும். நாலு பூஜ்யம்னு ஏற்கனவே ஒண்ணு இருக்கே. கலம் வெள்ளிக்குப் போய்ச் சேர்ந்த அன்னைக்கு, முதல் சுத்து. மிஷினுக்கு என்ன தெரியும், அதே பேருதானேன்னு புதுசைப் பழசு மேல எழுதிரும். அடுத்தது அதுக்கு அடுத்தது மேல. முதல் வருஷம் முழுக்க ஒவ்வொண்ணா அழிஞ்சுக்கிட்டே வரும்.

டைரக்டர்ட்ட போய்ச் சொன்னேன். அவரு ரொம்ப நேரம் மேசையைத் தட்டிக்கிட்டு இருந்தாரு. பிறகு கதவைச் சாத்தச் சொன்னாரு.

"உலகம்மாள், உங்க ட்ரான்ஸ்பர் விஷயம் ஒம்பது வருஷமா எங்கிட்ட இருக்கு. எனக்கே மனசுக்குக் கஷ்டமாத்தான் இருக்கு. அடுத்த மாசம் மறு ஆய்வுக் குழு வருது. புது மிஷனுக்கு ஆளும் வேணும், இடமும் வேணும். இத்தனை எண்ணையும் மாத்தறது நடக்கற காரியமில்ல, இந்த அடுக்கு தாங்காதுன்னு நீங்க எழுந்து ஒரு வார்த்தை சொன்னாப் போதும். தொண்ணூத்தொம்பதோட அழகா முடிச்சுக்கலாம். மறுநாள் நீங்க ஊர்ல இருப்பீங்க"ன்னாரு.

எனக்குக் காதுல தேன் பாஞ்ச மாதிரி இருந்துச்சு. சரி சார்னேன். அன்னைக்கே வீட்டுக்குப் போன் போட்டேன். நான் அடுத்த வாரம் ஊருக்கு வரதுக்குள்ள, பின்பக்கம் மோட்டார் உருப்படி எல்லாம் போட்டு வச்சிருந்த அறையைக் காலி பண்ணி, பெயின்ட் அடிச்சு வச்சிருக்காக எங்க வீட்டுக்காரக. வெளிர் மஞ்சள். மஞ்சள்னுகூட சொல்ல முடியாது, வெள்ளியோட மேகம் அப்படித்தான் இருக்கும், பால்ல ஒரு துளி மஞ்சப்பொடி விழுந்த மாதிரி. நான் எப்பவோ போன்ல காட்டுன படத்தைக் கொண்டு போய்க் கடைக்காரன்ட்ட காட்டி, இதே நிறம் குடுன்னு கேட்டிருக்காக. நாச்சி கட்டில்ல ஏறி நின்னு, "அம்மா, இனிமே சடை நீங்கதான் போடணும், அப்பா போட்டா தலை வலிக்கு"ங்கா. அன்னைக்கு நான் அழுதேம்மா. நிம்மதில.

ஆய்வுக் கூட்டம் வந்துச்சு. டெல்லிலேருந்து நாலு பெரிய ஆளுக. கிருபாகரன் சார் முதல்ல பேசுனாரு. கலம் நல்லா இருக்கு, எரிபொருள் இருக்கு, பலகை நல்லா இருக்குன்னு சொல்லிக்கிட்டு வந்தவரு, கடைசில கண்ணைத் தொடச்சுக்கிட்டு உக்காந்துட்டாரு. மேகக்காரங்க வந்து, வெள்ளி மேகம் வருஷக் கணக்கா கொஞ்சம் கொஞ்சமா மங்கிக்கிட்டே வந்து இப்பத்தான் திரும்ப வெளுக்க ஆரம்பிச்சிருக்கு, இந்த வட்டம் முழுசாச் சுத்தி வரதைப் பாத்தவங்க உலகத்துல யாரும் கிடையாது, இப்ப விட்டா பாதிக் கதையோட நிக்கும்னாக. எனக்கு அந்த அறிவியல்லாம் தெரியாது. ஆனா ஆறாவது வருஷம் தெற்குப் பக்கம் ஒரு கறுப்புப் பட்டை வந்துச்சு பாரு, ஒரு மாசம் இருந்துட்டுக் கரைஞ்சு போச்சு, அதை முதல்ல பாத்தது நான்தான். பேர் எழுதும்போது கண்ணுல பட்டுச்சு. அது கிடக்கட்டும்.

கடைசில என்னைக் கூப்பிட்டாக. நானும் தயாராத்தான் எந்திரிச்சேன். அதுக்குள்ள டைரக்டரே நாலு இலக்க விஷயத்தை எடுத்துச் சொல்லிட்டாரு. டெல்லிக்காரங்கள்ல ஒருத்தர், மூக்குக்கண்ணாடியை நெத்தில ஏத்தி வச்சுக்கிட்டு, "அப்ப கலத்துக்கு ஒண்ணும் இல்ல. நமக்குத்தான் எண்ணத் தெரியல"ன்னாரு. எல்லாரும் சிரிச்சாக. அதோட விட்டிருந்தாலும் பரவாயில்ல. "பழசு மேல எழுதினா எழுதட்டுமே, அந்த முதல் நாள் படத்தை இனி யார் பாக்கப் போறாங்க"ன்னாரு.

அந்தப் படம் என்னன்னு அவருக்குத் தெரியுமா? பாதி வெளிச்சம், பாதி இருட்டு, ஒரு ஓரம் கலங்கலா இருக்கும். பெரிய படம் ஒண்ணும் கிடையாது. அது வந்து இறங்குன அன்னைக்குத்தான் எம் மக முத முதல்ல ஸ்கூலுக்குப் போனா. லீவு கேட்டேன், குடுக்கல. நான் அங்கன இல்லாம இங்கன என்ன பண்ணுனேன்னு எம் மக என்னைக்காவது கேட்டா, எடுத்துக் காட்டதுக்கு எங்கிட்ட அது ஒண்ணுதான் இருக்கு. அது மேல எழுதுவாராம்.

"சார், அடுக்கு தாங்கும்"னேன்.

டைரக்டர் என்னைப் பாத்தாரு. "தாங்காதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"அது போன மாசம் சார். இப்பத் தாங்கும். மூணு மாசம் குடுங்க, அஞ்சு இலக்கமா மாத்திக் காட்டுதேன்."

கோவம்மா, வேற ஒண்ணும் இல்ல. என் வேலையை ஒருத்தன் குறை சொன்னா எனக்குப் பொறுக்காது. அதை விட்டுட்டு, கிருபாகரன் சார் ஊரெல்லாம் சொல்லிக்கிட்டு திரிஞ்சாரு, உலகு மேடத்துக்குக் குழந்தை மேல பாசம்னு. பாசமாவது ஒண்ணாவது.

அன்னைக்குச் சாயங்காலம் வீட்டுக்குப் போன் போட்டுச் சொன்னேன். கடைல மோட்டார் சுத்துத சத்தம் மட்டும் கேக்கு. பிறகு, "பெயின்ட் அடிச்சாச்சேளா"ன்னாக. அவ்வளவுதான் சொன்னாக. ஒரு சத்தம் போட்டிருந்தா நானும் பதிலுக்குப் போட்டிருப்பேன். இதுக்கு என்னத்தச் சொல்ல? அவுக மேல தப்பு இல்ல. எம் மேலயும் தப்பு இல்ல. எல்லாத் தப்பும் அந்தச் சனியன் மேலதான்.

மூணு மாசம் இந்த வண்டி நான் இல்லாமத்தான் ஓடுச்சு. சனி, ஞாயிறு கிடையாது. பேரை மட்டும் மாத்துனா முடிஞ்சுதா? வீட்டுக் கதவு நம்பரை மாத்துனா, ரேஷன் கார்டு, ஆதார், கேஸ் புக்கு எல்லாத்துலயும் மாத்தணும்லா, அந்தப் பாடு. ஒவ்வொரு தகவலுக்கு உள்ளயும் போய் எண்ணை மாத்தணும். மேகக்காரங்க எங்க புரோகிராம் ஓடலன்னு சண்டைக்கு வந்தாக, வெப்பக்காரங்க மூணு நாள் எங்கூடப் பேசல. கிருபாகரன் சாரு தினம் ரெண்டு தடவை டீ வாங்கிட்டு வந்து வாசல்ல நின்னு, ஏதாவது உதவி வேணுமா மேடம்பாரு. அழாம நின்னாப் போதும் சார்னு அனுப்பிருவேன். நாச்சி போன்ல பேச மாட்டேன்னுட்டா. அது ஒரு பதினைஞ்சு நாள். அதைப் பத்திக் கேக்காத.

முடிச்சேன். சொன்ன நாளைக்கு முன்னாலயே முடிச்சேன். பத்தாயிரமாவது சுத்து ஒரு புதன்கிழமை காலைல வந்துச்சு. எல்லாரும் கண்ட்ரோல் அறைல கேக்கைச் சுத்தி நிக்காக. நான் போகல, எனக்கு அந்தக் கூத்தெல்லாம் பிடிக்காது. என் அறைல உக்காந்து திரையைப் பாத்துக்கிட்டு இருந்தேன். ஒம்பதாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூத்தொம்பது வந்து அதோட இடத்துல உக்காந்துச்சு, முன்னால ஒரு பூஜ்யத்தோட. கொஞ்ச நேரம் ஒண்ணையும் காணும். பிறகு பத்தாயிரம் வந்து அதுக்குக் கீழ உக்காந்துச்சு. நான் பட்டியல்ல மேல போய் முதல் நாளைத் திறந்து பாத்தேன். படம் அப்படியே இருக்கு, அந்தக் கலங்குன ஓரம்கூட அப்படியே இருக்கு. அழுதேன்தான், அதுல என்ன. கிருபாகரன் சார் கேசரித் தட்டோட வந்து, "நீங்களா மேடம் அழறீங்க"ன்னாரு. "உங்ககூட இருந்து ஒட்டிக்கிட்டுது சார்"ன்னேன்.

அடுத்த வாரமே டைரக்டர் கூப்பிட்டு விட்டாரு. திட்டப் போறாருன்னு போனேன். "இனிமே மிஷன் முடியற வரைக்கும் நீங்க காத்திருக்க வேண்டாம். நீங்க மாத்தி வச்சிருக்கற அழகுக்கு, இதை இனி யார் வேணும்னாலும் பாத்துக்கலாம். ஊருக்குப் போங்க"ன்னு கையெழுத்தைப் போட்டு நீட்டுனாரு. ஒம்பது வருஷமாக் கேட்ட கையெழுத்து. கைல வாங்குனா சந்தோஷத்துல குதிக்கணும்லா. எனக்கு அந்த "யார் வேணும்னாலும்" முள்ளு மாதிரி குத்துச்சு. யார் வேணும்னாலும் எப்படிம்மா பாத்துக்கிட முடியும்?

ஊருக்கு வந்து எட்டு மாசம் ஆச்சு. ஆமா, எட்டு மாசமா நான் வள்ளியூர்லதான் இருக்கேன். காலைல ஆபீஸ் பஸ்ஸு, அஞ்சரைக்கெல்லாம் வீடு. மஞ்சள் அறைல உக்காந்து காப்பி குடிக்கேன். நாச்சிக்குச் சடை நான்தான் போடுதேன், தொளதொளன்னு இருக்கு, அப்பா போட்டதே நல்லா நின்னுச்சுங்கா, அது வேற. ஆபீஸ்ல ஸ்டோர் குடுத்திருக்காக. வால்வு, பைப்பு, நட்டு, போல்ட்டு. நல்ல வேலை. வால்வு வச்ச இடத்துல இருக்கும், ஒரு நாளைக்கு மூணு சுத்து சுத்தாது.

பிறகு எதுக்கு பெங்களூர் போறேன்னுதான கேக்குத? ஒரு சின்ன வேலை. என் இடத்துக்கு அனகான்னு ஒரு பிள்ளை வந்திருக்கா. கண்ணூர்க்காரி, கெட்டிக்காரி. முதல் தடவை பொறுப்பை ஒப்படைக்கப் போனேன், அது முறை. அடுத்த மாசம் கேமரா சூட்டை எழுத வேண்டிய இடத்துல கேமராவை வச்சிருக்க பெட்டியோட சூட்டை எழுதிட்டா, போன்ல சொன்னாப் புரியாதுன்னு நேர்லயே போயிட்டு வந்தேன். அவளுக்கு என்னமோ போன்லயே புரிஞ்சுட்டுன்னுதான் சொன்னா. அதுக்கடுத்த தடவை அந்தப் பக்கம் ஒரு கல்யாணம். கல்யாணம் மைசூர்லதான், இருந்தாலும் பக்கம்தான. கேஷுவல் லீவுல்லாம் தீந்துட்டு, இப்ப சம்பளமில்லா லீவுல போறேன்.

இந்தத் தடவை கொஞ்சம் நிஜமாவே போக வேண்டியதுதான். வெள்ளியோட நிழல் பார்கவி மேல விழுத காலம் இது. வருஷா வருஷம் வரதுதான், ஆனா இந்த வருஷம் நிழல் நீளம். வெயிலை நம்பி ஓடுதவ, நிழலுக்குள்ள போயிட்டா பேட்டரிதான் துணை. அவ பேட்டரி பழசாயிட்டும்மா. நாளைக்கு மத்தியானம்தான் ரொம்ப நீளமான நிழல். உள்ள போனா வெளிய வரணும், வந்து சத்தம் குடுக்கணும். கிருபாகரன் சார் முந்தாநாள் போன் போட்டாரு, பேசாம மூச்சு மட்டும் விட்டுக்கிட்டு இருந்தாரு. அவரெல்லாம் அங்கன இருந்து என்னத்துக்கு ஆகும்? அவ வெளிய வந்தா முதல்ல வர தகவல் துண்டு துண்டா வரும். அந்தப் பிள்ளைக்கு அது பழக்கம் கிடையாது, உடைஞ்சதுன்னு தூக்கிப் போட்டுருவா. அதுக்கு ஒரு ஆளு வேணும்லா. அதான் போறேன். மத்தபடி ஒண்ணும் இல்ல.

எங்க வீட்டுக்காரகதான் டிக்கெட் எடுத்துக் குடுத்து, இட்லி அவிச்சு, ஸ்கூட்டர்ல ஸ்டேஷனுக்குக் கொண்டு வந்து விட்டாக. நீ உங்க அப்பாகூட நின்னுக்கிட்டு இருந்தியே, அதுக்கு ரெண்டு எட்டு தள்ளித்தான் நாங்களும் நின்னோம். வண்டி வாரதுக்கு முன்னால, மனசுல ஒண்ணும் வச்சுக்கிடாம, சும்மா பேச்சுக்குத்தான் கேட்டாக. "ஏளா, நாளைக்கோட அது முடிஞ்சிருமோ?"ன்னு.

எனக்கு வந்துச்சு பாரு ஒரு கோவம். "வாயைக் கழுவுங்க முதல்ல"ன்னேன். கிளம்புத நேரத்துல பேசுத பேச்சாம்மா இது? பத்து வருஷத்துக்கு மேல அவளைப் பத்திக் கேட்டுக்கிட்டு இருக்காக, ஒரு உசுரு இழுத்துக்கிட்டுக் கிடக்கும்போது எதைக் கேக்கலாம், எதைக் கேக்கக் கூடாதுன்னு ஒரு முறை இருக்குல்லா.